கையில் இரண்டு

ஓமஹா என்ற சீட்டாட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இவற்றிலிருந்து ஐந்து சீட்டு கொண்ட ஒரு கையைச் சேர்க்க வேண்டும். நம் கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மேசையில் நான்கு ஹார்ட்டின் விழுந்து, உங்கள் கையில் ஹார்ட்டின் ஏஸ் ஒன்று மட்டும் இருந்தால் அது ஃப்ளஷ் ஆகாது. பொதுவில் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் உங்களுடையதாக இரண்டு இருந்தாக வேண்டும்.

2013இல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வியாழக்கிழமை சாயங்காலங்களில் இதைக் கற்றுக்கொண்டேன். சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பிலிப்பைன்ஸ் பெண்மணி, ஓய்வுபெற்ற செவிலியர். அவரை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தம். எங்கள் காதில் அது ஆத்தா என்றே விழுந்தது. வயதும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. மேசையைச் சுற்றி ஏழு பேர். ஆளுக்கு இருபது டாலர். அது தீர்ந்தவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். கடன் வாங்கி ஆடக் கூடாது என்பது ஆத்தே போட்ட முதல் சட்டம்.

ஆத்தேயைத் தவிர மற்ற ஆறு பேரும் எச்-4 விசாவில் வந்தவர்கள். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அதில் படிக்கலாம், கார் ஓட்டலாம், குழந்தை பெறலாம். சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. எங்களில் ஒருத்தி பல் மருத்துவர். இரண்டு பேர் மென்பொருள் எழுதியவர்கள். நான் திருநெல்வேலியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வருடம் கணக்குப் பார்த்தவள். மேசையில் நாங்கள் வைத்த இருபது டாலர் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது. எங்களுக்கென்று வேறு வருமானம் சட்டப்படி இருக்க முடியாது.

பெண்கள் சீட்டாடுவதா என்று ஊரில் கேட்பார்கள் என்பது தெரியும். திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் நான்கு அதிகாரங்களின் பெயரைப் பாருங்கள்: பெண்வழிச்சேறல், வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது. ஆண் எவற்றிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற பட்டியலில் மனைவியின் பேச்சு, விலைமகள், கள், சூது என்று வரிசையாக வருகிறது. சூதாடக் கூடியவர்களின் வரிசையில் நாம் இல்லை. சூதோடு சேர்த்து எண்ணப்படும் பொருள்களில் ஒன்றாக இருக்கிறோம். பாரதக் கதையில் பாஞ்சாலி இன்னும் ஒரு படி கீழே இறக்கப்படுகிறாள். அவளே பந்தயப் பொருள். ஆனால் சபைக்கு இழுக்கப்படும்போது அவள் கேட்பது ஆட்டம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. தன்னை முதலில் தோற்றவர், பிறகு என்னை எந்த உரிமையில் வைத்தார்? யாருடைய பணத்தில் இந்த ஆட்டம் நடந்தது என்ற கேள்வி அது.

இன்றைக்கும் அந்தக் கேள்வி பழசாகவில்லை. ஆன்லைன் ரம்மியில் கணவர் தோற்றால் அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் மனைவியின் நகை. 2022இல் தமிழ்நாடு சட்டமன்றம் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்கான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. கவிழ்த்து வைத்த சீட்டுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு எப்போதும் முக்கியமாகப் பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியைத் தெளிவாகக் கேட்க எனக்குச் சொல்லித் தந்தது ஓமஹாவின் ஒரு பகுதி: டிரா.

டிரா என்றால் இன்னும் ஆகாத கை. வர வேண்டிய சீட்டு வந்தால் பெரிய கை, வராவிட்டால் ஒன்றுமில்லை. நம்மைக் கரை சேர்க்கும் சீட்டுகளுக்கு அவுட் என்று பெயர். சாதாரணப் போக்கரில் கையில் இரண்டு சீட்டுதான். அங்கே தொடர் வரிசைக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு அதிகமாகக் கிடைப்பது பெரும்பாலும் எட்டு அவுட். ஓமஹாவில் நான்கு சீட்டு இருப்பதால் நம்பிக்கை பெருகிவிடுகிறது. உங்கள் கையில் ஜாக், 10, 7, 6. மேசையில் 9, 8, 2. இப்போது நான்கு ராணி, நான்கு 5, ஜாக், 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மிச்சமிருக்கும் மும்மூன்று என மொத்தம் 20 சீட்டு உங்களுக்கு ஸ்ட்ரெய்ட் தரும். மேசைச் சீட்டுகளை இரண்டு பக்கமும் சுற்றிப் பிடித்திருப்பதால் இதை ராப் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சீட்டு 45. இன்னும் இரண்டு திறக்கப் போகிறார்கள். ஸ்ட்ரெய்ட் விழ 100க்கு 70 வாய்ப்பு. எதிரில் ஒருவர் இரண்டு ஏஸை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால், இப்போது வெறுங்கையோடு இருக்கும் நீங்கள்தான் முன்னால் நிற்கிறீர்கள்.

இதை முதலில் கேட்டபோது எங்கள் மேசையில் ஒரு சின்னச் சந்தோஷம் பரவியது. ‘செட்டில் ஆகலையா’ என்று போனில் கேட்கப்பட்டுக்கொண்டிருந்த ஆறு பேர் நாங்கள். ஆகாத கை, ஆன கையைவிட வலுவாக இருக்க முடியும் என்பது கணக்கிலேயே இருக்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆத்தே எங்களை அந்தச் சந்தோஷத்தில் நிறுத்தவில்லை. நாற்பது வருடம் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். நம்பிக்கை என்ற சொல்லைச் சிக்கனமாகவே பயன்படுத்துவார். ஓமஹாவில் எல்லோர் கையிலும் எப்போதும் ஏதோ ஒரு நம்பிக்கை இருக்கும், அதனால்தான் இங்கே இத்தனை பேர் பணத்தை விடுகிறார்கள் என்றார். டிராவைத் துரத்துவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வைத்தார்.

முதல் கேள்வி: விலை என்ன? பாட்-லிமிட் ஓமஹாவில் நடுவில் இருக்கும் தொகைக்கு மேல் யாரும் பந்தயம் கட்ட முடியாது. நடுவில் 10 டாலர் இருக்கிறது, எதிராளி 10 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 10 போட்டால் 20ஐ வெல்லலாம். மூன்று முறையில் ஒரு முறையாவது சீட்டு விழுந்தால்தான் கைக்காசு மிஞ்சும். கடைசிச் சீட்டு மட்டும் பாக்கி. உங்களுக்கு ஃப்ளஷுக்கு ஒன்பது அவுட். தெரியாத சீட்டு 44. ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறைதான் விழும். நான்கு முறை பத்துப் பத்தாக நாற்பது போகும். ஒரு முறை இருபது வரும். அதே இடத்தில் 20 அவுட் உள்ள ராப் இருந்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, தாராளமாகப் போடலாம். நம்பிக்கை இரண்டிலும் ஒரே மாதிரிதான் படபடக்கிறது. விலையைக் கணக்குப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தருவதில்லை. பொறுமைக்குப் பரிசு உண்டு என்று சொல்லித் தருகிறார்கள். குழந்தை பிறந்தால் அவர் திருந்துவார், மாமியார் காலத்துக்குப் பிறகு வீடு உன்னுடையது, அவருக்கு நிரந்தரக் குடியுரிமை வந்துவிட்டால் நீயும் வேலைக்குப் போகலாம். ஒவ்வொன்றும் ஒரு டிரா. வாரா வாரம், வருடா வருடம் அதற்கு நாம் ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டே இருக்கிறோம். கட்டுவது பணமாக இல்லாததால் அது விலை என்றே எண்ணப்படுவதில்லை. காத்திருப்பது இலவசம் என்று நினைக்கிறவர்கள், இருபத்தெட்டு வயதில் வந்து முப்பத்தாறு வயது வரை காத்திருந்த ஒருத்தியின் பழைய தொழிலில் அந்த எட்டு வருடம் என்ன விலை என்று விசாரித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது கேள்வி: வந்தால், அது முதல் கையா, இரண்டாவது கையா? மேசையில் அப்போது சாத்தியமான ஆகப் பெரிய கைக்கு நட்ஸ் என்று பெயர். ஓமஹாவில் நட்ஸுக்குப் போகும் டிராவைத்தான் துரத்த வேண்டும். காரணம் எளிது. நான்கு சீட்டை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு ஜோடி. ஆறு பேர் ஆடினால் மேசையைச் சுற்றி 36 ஜோடி ஒளிந்திருக்கிறது. சாதாரணப் போக்கரில் அது ஆறுதான். நீங்கள் ராஜா தலைமையில் ஃப்ளஷ் பிடித்தால், ஏஸ் தலைமையில் இன்னொருவர் பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன 20 அவுட்டிலும் இதைப் பாருங்கள். ராணி, 7, 6, 5 இவற்றில் எது விழுந்தாலும் அந்த நேரத்தில் உங்களுடையதே உச்சமான ஸ்ட்ரெய்ட், அவை 14. ஜாக்கோ பத்தோ விழுந்தால் உங்களுக்கு ஸ்ட்ரெய்ட் உண்டு, ஆனால் அதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட்டும் யாரிடமாவது இருக்கலாம், அவை 6. வராத சீட்டு நம்மிடம் எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுவோம். வந்து, இரண்டாவதாக நிற்கும் சீட்டுதான் முன்னால் இருக்கும் மொத்தப் பணத்தையும் வைக்க வைக்கும்.

2015 மே மாதம் அமெரிக்காவில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. கணவரின் நிரந்தரக் குடியுரிமை மனு முதல் கட்ட ஒப்புதலைத் தாண்டியிருந்தால் எச்-4 மனைவியும் வேலை அனுமதி கேட்கலாம். எங்கள் மேசையில் இருவருக்கு உடனே அந்தத் தகுதி இருந்தது. கேக் வெட்டினோம். அந்த இருவரில் ஒருத்தி நல்ல வேலைக்குப் போனாள். இரண்டாவது வருடம் கணவர் விவாகரத்துக் கேட்டார். திருமணம் முறிந்தால் எச்-4 இல்லை. எச்-4 இல்லாமல் அந்த வேலை அனுமதியும் இல்லை. அவள் திறமையில் ஒரு குறையும் கிடையாது. அவள் காத்திருந்த சீட்டு வரவும் செய்தது. அது அவள் கணவரின் கைக்குக் கீழே இருக்கும்படி வெட்டப்பட்ட சீட்டு. மாணவர் விசாவுக்கு மாறி, மறுபடி படித்து, இப்போது தன் பெயரில் வந்த விசாவில் வேலை பார்க்கிறாள். அதற்கு ஐந்து வருடம் ஆயிற்று.

மூன்றாவது கேள்வி: இதற்குமேல் யாரிடம் என்ன இருக்கிறது? இதுதான் எனக்கு அதிகம் யோசிக்கத் தந்தது. மேசையில் 9, 8, 7. அவற்றில் இரண்டு இஸ்பேட். உங்கள் கையில் ஜாக்கும் பத்தும். இப்போதைக்கு அதைவிடப் பெரிய கை இல்லை. எதிரில் இருப்பவர் கையிலும் ஜாக்கும் பத்தும். இருவரும் சமம், பணத்தைப் பாதியாகப் பிரிக்க வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் அவரிடம் கூடவே இரண்டு இஸ்பேட் இருக்கிறது. இன்னொரு இஸ்பேட் விழுந்தால் முழுப் பணமும் அவருக்கு. விழாவிட்டால் பாதி அவருக்கு நிச்சயம். உங்களால் பாதிக்கு மேல் எடுக்கவே முடியாது. இதை ஃப்ரீரோல் என்பார்கள். கையில் உச்சமான ஸ்ட்ரெய்ட்டை வைத்துக்கொண்டே சீட்டைக் கவிழ்க்க வேண்டிய நேரம் ஓமஹாவில் உண்டு. புதிதாக ஆடுகிறவர்களால் அதை நம்பவே முடிவதில்லை.

ஒரே படிப்பு, ஒரே வேலை, ஒரே சம்பளம்; பிறகு என்ன சமத்துவம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கையைத்தான் விரித்துக் காட்டுவேன். ஊரில் அதே ஆடிட்டர் அலுவலகத்தில் என்னோடு சேர்ந்தவனுக்கும் எனக்கும் அன்றைய தேதியில் ஒரே கைதான். வெளியூர்த் தணிக்கைக்கு அவனை அனுப்பலாம். இரவு எட்டு மணி வரை உட்காரச் சொல்லலாம். கல்யாணம் ஆனால் அவன் ஊர் மாற வேண்டியதில்லை. அவனுக்குச் சோறு வைக்க இன்னொரு ஆள் சேர்வாள். அவை அவனுடைய இஸ்பேட்டுகள். விழலாம், விழாமலும் போகலாம். விழாவிட்டாலும் அவனுக்கு நஷ்டமில்லை.

இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்து, டிரா நன்றாக இருந்தால் என்ன செய்வது? பின்னாலேயே பணத்தைப் போட்டுக்கொண்டு போகாதே, நீயே கட்டு என்பார் ஆத்தே. நல்ல ராப்பும் கூட ஏஸ் தலைமையில் ஃப்ளஷ் டிராவும் இருந்தால், சீட்டு விழும் முன்பே பந்தயத்தை உயர்த்த வேண்டும். எதிராளி கவிழ்த்துவிட்டால் சீட்டு வராமலே பணம் உங்களுக்கு. கவிழ்க்காவிட்டால் வெல்ல இன்னொரு வழி இருக்கிறது. பின்தொடர்கிறவருக்கு ஒரே வழி, முதலில் கட்டுகிறவருக்கு இரண்டு. வனெஸ்ஸா செல்ப்ஸ்ட் 2008இல் உலகப் போக்கர் தொடரில் பாட்-லிமிட் ஓமஹா பட்டம் வென்றார். 2012லும் 2014லும் மேலும் இரண்டு. மூன்றுமே ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடிய போட்டிகள். யேலில் சட்டம் படித்த அவருடைய பெயர், தயங்காமல் உயர்த்தி ஆடுவதற்காகப் பேசப்பட்டது. பெண் என்றால் கையில் கனமாக ஏதாவது இருந்தால்தான் பணம் வைப்பாள் என்று மேசை நம்புகிறது. அந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை உண்டு. அதை வசூல் செய்யலாம்.

நான் செய்தது இதுதான். கணவருடைய மனு எப்போது நகரும் என்பது என் கையில் இல்லாத மேசைச் சீட்டு. படிக்கத் தடை இல்லை. என் பெயரில் ஊரில் இருந்த நகையில் இரண்டு வளையலை அம்மா விற்று அனுப்பினார். சமுதாயக் கல்லூரியில் அமெரிக்கக் கணக்கியல் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். 2017இல் எனக்கு வேலை அனுமதி வந்தபோது அதோடு சேர்க்க என்னுடையதாக இரண்டு இருந்தது: பழைய அனுபவம், புதிய படிப்பு. அதே மாதம் அதே அனுமதி வந்த இன்னொரு தோழியிடம் அப்போது ஒன்றுதான் இருந்தது. அவளுக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தை. எனக்கு அப்போது இல்லை. விற்க வளையலும் அவளிடம் இல்லை. கல்யாணத்தில் போட்டதெல்லாம் மாமியார் வீட்டுப் பெட்டகத்தில். நான் கெட்டிக்காரியாக ஆடினேன் என்று இந்தக் கதையைச் சொன்னால், எங்களுக்கு விழுந்த சீட்டை மறைத்தவளாவேன்.

இங்கேதான் சீட்டுக் கணக்கு வாழ்க்கையோடு ஒட்டாமல் போகிறது. 100க்கு 70 என்பது திரும்பத் திரும்ப ஆடுகிறவருக்கான எண். ஒரே ஒரு முறை ஆட முடிந்தவருக்கு மீதி 30 விழுந்தால் அதோடு எல்லாம் முடிந்தது. பெரிய பணம் வைத்து ஓமஹா ஆடுகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லாப் பணமும் நடுவில் போன பிறகு, இருவரும் ஒத்துக்கொண்டால், மீதிச் சீட்டை இரண்டு தடவை திறந்து, ஒவ்வொரு தடவைக்கும் பாதிப் பணம் என்று பிரிப்பார்கள். வாய்ப்பு மாறுவதில்லை, ஒரே சீட்டில் அழிந்துபோவது குறைகிறது. அண்ணன் தொழிலில் தோற்றால் அவனுக்கு இரண்டாவது தடவை திறக்க அப்பாவின் வயல் இருக்கும். தங்கைக்கு முதல் தடவையே கெஞ்சிக் கிடைப்பதாக இருக்கும். அவள் துணிச்சல் இல்லாதவள் என்று பிறகு எழுதுவார்கள்.

தமிழில் சீட்டு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று ஆத்தேக்கு ஒரு வியாழக்கிழமை விளக்கினோம். அவர்கள் ஊரிலும் அது உண்டு, பெயர்தான் வேறு என்றார். அடுத்த மாதத்திலிருந்து ஏழு பேரும் ஆளுக்கு 50 டாலர் போட்டோம். மாதம் 350. ஏலம் இல்லை, குலுக்கல் இல்லை. யார் எதற்குப் படிக்கிறாளோ, எந்தத் தேர்வுக்குப் பணம் கட்டுகிறாளோ, அவள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடத்தின் கட்டணமும் பழைய புத்தகம் ஒன்றும் அதில் அடங்கின. இரண்டு குழந்தைக்காரத் தோழிதான் முதலில் எடுத்தாள். அவள் வகுப்புக்குப் போகும் செவ்வாய், வியாழன்களில் குழந்தைகள் எங்கள் மேசைக்குக் கீழே விளையாடின. முதல் தடவை தேர்வில் அவள் தேறவில்லை. மறுபடியும் எழுத வேண்டும், பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அந்த மாதச் சீட்டையும் அவளுக்கே கொடுத்தோம்.